பிரகாசி வீட்டில் சூடு மேலே போகவில்லை

புயல் கரையேறி, சங்குமுனையின் மின்கம்பங்களையெல்லாம் பல்குச்சி ஒடிப்பதுபோல ஒடித்துப்போட்டு, கோயில் கொடிமரத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய் உப்பளத்தின் நடுவில் நட்டுவிட்டு, தன்னிடமிருந்த காற்று அத்தனையையும் ஒரேயடியாகச் செலவழித்துவிட்டுப் போன பிறகு, தென்னை ஓலை நுனிகூட அசையாத அந்த ஐப்பசியில், மாதா கோயில் தெருவில் பிரகாசியும் அவள் நாத்தனார் தெக்லாவும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றினார்கள். இரண்டு திரியிலும் தீ உருண்டையாக உட்கார்ந்தது.

நாவல்பழம் அளவு, நாவல்பழம்போலவே நீலம். எரிந்தது, ஆனால் நிமிரவில்லை. கூர்ந்து, நடுங்கி, சாய்ந்து, மறுபடி எழுந்து, ஒரு சுடர் வழக்கமாகச் செய்கிற எதையும் செய்யாமல், அடைக்கோழி முட்டைமேல் உட்கார்ந்திருப்பதுபோலத் திரிமேல் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிரகாசி ஏற்றிய திரி அவள் புருஷன் அருளப்பனின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் இருந்தது. அந்த நீலத்தில் அருளப்பனின் மீசை தெரிந்தது, முகம் தெரியவில்லை. தெக்லா ஏற்றிய திரி தெருவைப் பார்த்த ஜன்னலில் இருந்தது. அதே அருளப்பன் என்றைக்காவது வீடு திரும்பினால் வாசல் தெரியட்டும் என்று அவள் ஏற்றுவது அது.

இந்த இரண்டு திரிகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். அருளப்பன் பிரகாசியின் புருஷன், தெக்லாவுக்கு ஒரே அண்ணன். சில வருஷங்களுக்கு முன்னால், காற்றும் மழையும் இல்லாத ஒரு நல்ல நாளில், தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் தானாக, கவிழாமல், ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் வந்து கரையில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வலை மடித்தபடி இருந்தது. சோறு கொண்டுபோன தூக்குச்சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. அந்தத் தூக்குச்சட்டிதான் குடும்பத்தை இரண்டாக்கியது. சாகப்போகிறவன் எவனாவது சட்டியைக் கழுவி வைப்பானா, அண்ணன் எங்கேயோ கரையேறி உயிரோடு இருக்கிறான் என்றாள் தெக்லா. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன் கடலில் போய்ச் சட்டி கழுவினாரா, கழுவியது கடல், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாள் பிரகாசி. ஊர் இரண்டு பேச்சுக்கும் தலையாட்டியது. பிரகாசி வெள்ளைச் சேலைக்கு மாறினாள், படத்துக்கு மாலை போட்டாள், ஆத்துமா இளைப்பாற்றிக்குப் பூசை வைத்தாள். தெக்லா அந்தப் பூசைக்குப் போகாமல், காணாமற்போனதைத் தேடித் தருகிற அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு ஜன்னலில் மெழுகுதிரி கொளுத்தினாள். அன்றிலிருந்து மதினிக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சுவார்த்தை இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த வீட்டில் ஒரு செந்நிறக் கோழி இருந்தது. இருவரும் அதனிடம் பேசினார்கள். அடுப்பில் சாம்பல் அள்ளாமல் கிடந்தால் கோழிக்குச் சொல்லப்பட்டது. கதவைத் தாழ்போடாமல் போனால் கோழி திட்டு வாங்கியது. அத்தனை வருஷம் அத்தனை ஏச்சையும் வாங்கிய கோழி, யார் வாயைத் திறந்தாலும் இன்னொருத்தியைத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான்.

“ஏ கோழி,” என்றாள் பிரகாசி, “என் மெழுகுதிரில எவளோ தண்ணியத் தெளிச்சிருக்கா. செத்தவிய படத்துக்கு முன்னால வெளிச்சம் இருக்கக்கூடாதுன்னு நினைக்கிறவ யாருன்னு எனக்குத் தெரியும்லா.”

“ஏ கோழி,” என்றாள் தெக்லா, தையல் மிஷினிலிருந்து தலையை எடுக்காமல், “உயிரோட இருக்கிற ஆளுக்கு மாலை போடுத வீட்டுல தீயாவது ஒழுங்கா எரியுமா? கேட்டுச் சொல்லு.”

கோழி இருவரையும் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டது.

அடுக்களையில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. விறகு அடுப்பு பற்றிய கையோடு சோம்பி அணைந்தது. ஊதுகுழல் வைத்து ஊதிக்கொண்டே இருந்தால்தான் எரிந்தது, ஊதுகிறவள் மூச்சு வாங்க நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. உலைத் தண்ணீர் அடியில் கொதித்தது, மேலே பச்சைத்தண்ணீராகவே கிடந்தது, அரிசி அடியில் தீய்ந்து மேலே ஊறிக்கொண்டிருந்தது. ஒருத்தி ஊத, ஒருத்தி துழாவ, அப்படி இரண்டு ஆள் இருந்தால்தான் அந்த வீட்டில் சோறு பொங்கும் என்று ஆகிப்போனது. அதுவரை ஒரே அடுக்களையில் தனித்தனியாகப் பொங்கித் தின்றவர்கள், பசி என்ற ஒன்று இருப்பதால், ஒருத்தி குழலையும் ஒருத்தி அகப்பையையும் எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி, ஒரே உலையைப் பொங்கினார்கள்.

புகையும் மேலே போகவில்லை. விறகுப் புகை அடுப்பைச் சுற்றிப் பஞ்சுப்பொதிபோலத் திரண்டு நின்றது. முறத்தால் தள்ளித் தள்ளி வாசல்வரை ஓட்டிக்கொண்டு போனால், நிலைப்படியைத் தாண்டியதுதான் தாமதம், விட்டால் போதும் என்று விறுவிறுவென்று வானத்துக்கு ஏறியது. வாசனையும் அப்படித்தான். நெத்திலி பொரித்த வாசனை பொரித்த இடத்திலேயே நெஞ்சு உயரத்துக்கு நின்றது. சில நாள் கழித்து அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் அதற்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். அடுக்களை மூலையில் நெத்திலி, நடுவீட்டில் தேங்காயெண்ணெய், மிஷின் பக்கத்தில் புதுத்துணி என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் அமைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது.

முதலில் பழி சேகு மரைக்காயர்மேல் விழுந்தது. ஊருக்கே மெழுகுதிரி விற்கிறவர் அவர்தான். நல்ல மனுஷன், ஆனால் பழியைத் தாங்குகிற சுபாவம் இல்லை. கலப்படம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கைநிறையத் திரிகளை அள்ளிக்கொண்டு கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தெருவில் நின்று ஒன்றைக் கொளுத்தினார். அழகாக, மஞ்சளாக, கூர்மையாக எரிந்தது. அதைக் கையில் பிடித்தபடியே நிலைப்படியைத் தாண்டினார். சுடர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையானது. வெளியே வந்தார், நிமிர்ந்தது. உள்ளே போனார், சுருண்டது. கூடியிருந்தவர்கள் எண்ண மறந்துபோகும் அளவுக்கு அவர் உள்ளேயும் வெளியேயும் போய்வந்தார்.

“என் திரில ஒரு கோளாறும் கிடையாது,” என்றார் கடைசியில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “வீட்டுலதான் கோளாறு. அல்லா பேரால சொல்றேன், எல்லாரும் பாத்துக்கோங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். அதிலிருந்து ஊர் முழுவதும் பார்க்கத் தொடங்கியது. கரண்ட் இல்லை, டிவி இல்லை, கடலில் இறங்கக் கூடாது என்று தடை. ஒரு ஊருக்குப் பார்க்க ஏதாவது வேண்டும்தானே. காலையில் பெண்கள் வந்து பார்த்தார்கள், மத்தியானம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் சகிதமாக வந்து பார்த்தார்கள், பக்கத்துக் குப்பங்களிலிருந்து டிராக்டர் பிடித்து வந்து பார்த்தார்கள். அங்கே ஒரு மெழுகுதிரி கரைவதே இல்லை என்ற செய்தி பரவியதும், மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் தங்கள் வீட்டுத் திரிகளைக் கொண்டுவந்து பிரகாசி வீட்டில் எரியவிட்டுப் போனார்கள். வெளிச்சம் தங்கள் வீட்டுக்கு வராது என்பதை யோசிக்கவில்லை. பீடி குடிக்கிற ஆண்கள்தான் அந்த வீட்டின் அருமையை முதலில் புரிந்துகொண்டவர்கள். ஒருவர் இழுத்து விட்ட புகை அவர் மூக்குக்கு முன்னாலேயே நின்றது, அதையே மறுபடி இழுத்துக்கொள்ளலாம், பக்கத்து ஆளுக்கும் கொஞ்சம் தள்ளிவிடலாம். ஒரு பீடியில் ஒரு கூட்டமே சாயங்காலத்தைக் கழித்தது. மிச்சப் புகையைச் சுவரோரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, இது என்னுடையது, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய், விடிந்ததும் வந்து குடித்தவர்களும் உண்டு. பிரகாசி துடைப்பத்தை எடுத்து ஆட்களையும் புகையையும் சேர்த்தே விரட்டினாள்.

பங்குச்சாமி இஞ்ஞாசி அடிகளார் தூபக்கால் எடுத்துக்கொண்டு மந்திரிக்க வந்தார். நாலு ஆட்டு ஆட்டினார். சாம்பிராணிப் புகை ஜெபத்தைச் சுமந்துகொண்டு மேலே போவதற்குப் பதிலாக அவர் தலையைச் சுற்றித் திரண்டு நின்றுகொண்டது, சாமியின் முகமே தெரியவில்லை, உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்டது. முறத்தால் விசிறி அவரைக் கண்டெடுத்தார்கள்.

“இது மாதாவோட புதுமையா சாமி?” என்று கேட்டார்கள்.

“புதுமைன்னா ஒரு நன்மை வரணும்,” என்றார் அவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு. “சாத்தான் வேலைன்னா ஒரு கெடுதி வரணும். இங்க இருமல்தான் வருது. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா இனிமே தூபத்த உள்ள கொண்டாரமாட்டேன்.”

அதற்குப் பிறகுதான் மேல்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் கோமதிநாயகம் வந்தார். பள்ளிக்கூடக் கூரையைப் புயல் தூக்கிப்போயிருந்ததால் அவருக்கு வகுப்பு இல்லை. பாடம் நடத்தாமல் தொண்டை கட்டியிருந்த மனுஷன், உருண்டைச் சுடரைப் பார்த்ததும் குழந்தைபோலத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோழி அவர் மடியில் ஏறிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

“சூடு மேல போகல,” என்றார். “அவ்வளவுதாம்மா விஷயம். சூடான காத்து லேசா இருக்கும், மேல ஏறும், அது போன இடத்துக்குக் கீழருந்து புதுக் காத்து வரும். அந்தப் போக்குவரத்துதான் தீய மேல இழுத்துக் கூராக்குது. இந்த வீட்டுல போக்குவரத்து நின்னுபோச்சு. அதனால தீ உக்காந்த இடத்துலயே உக்காந்துகிட்டு, அக்கம்பக்கத்துலருந்து காத்து தானா மெல்ல வரட்டும்னு காத்திருக்கு. பாவம், அதால ஓடியாட முடியாது.”

“நீலமா இருக்கே சார்?”

“மஞ்சள் வெளிச்சம்னா என்னன்னு நினைக்கீங்க? கரித்தூள் பழுத்து மினுங்குறதுதான். இங்க தீ ஆறஅமர எரியுது, கரியே மிஞ்சல. கரி இல்லன்னா வெளிச்சமும் இல்ல.” அவர் நாக்கை ஈரப்படுத்திக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இன்னொண்ணு. எல்லாரும் மெழுகு எரியுதுன்னு நினைக்கோம். மெழுகு எரியறதில்ல. அது உருகி, திரி வழியா ஊறி ஏறி, ஆவியாகுது. எரியறது அந்த ஆவிதான்.”

ஆவி என்று அவர் சொன்னதுதான் தெரியும். ஜன்னலில் நின்றவர்கள் வாசலில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், வாசலில் நின்றவர்கள் தெருவுக்குச் சொன்னார்கள், தெரு கடற்கரைக்குச் சொன்னது: அருளப்பன் படத்துக்கு முன்னால் எரிவது ஆவி, பள்ளிக்கூடத்து சாரே சொல்லிவிட்டார். கோமதிநாயகம் அது நீராவி மாதிரி ஆவி, மெழுகின் ஆவி, என்று எழுந்து நின்று கத்தினார். மெழுகுக்கு ஆவி உண்டென்றால் மனுஷனுக்கு இல்லாமல் போகுமா என்று ஊர் அவரைக் கேட்டது.

பிரகாசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கோழியைத் தேடினாள்.

“கேட்டியா கோழி? ஆவி. அவிய போயிட்டாவன்னு நான் சொன்னப்ப என்னக் கல்நெஞ்சுக்காரின்னு சொன்னவளக் கேளு. பாவி மனுஷன் ஆவி, மோட்சத்துக்கு ஏற முடியாம, இந்த வீட்டுக்குள்ளயே கிடந்து எரியுது. உயிரோட இருக்காருன்னு ஜன்னல்ல திரி வச்சிக் கூப்பிட்டுகிட்டே இருந்தா எப்படி ஏறும்?”

“ஏ கோழி,” என்று தெக்லா மிஷினைவிட்டே எழுந்துவிட்டாள், “செத்தவன் ஆவி மேல போவும். இது போகல. அப்ப செத்தவன் ஆவியில்ல. சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுத கணக்கு. எங்கண்ணன் மூச்சு இன்னும் பூமியிலதான் ஓடுது, அதான் இந்த வீட்டுலருந்து ஒண்ணும் மேல போகமாட்டேங்குது.”

ஊர் இரண்டு கட்சியானது. மேலே போகாததால் செத்துவிட்டான் என்று ஒரு கட்சி, மேலே போகாததால் சாகவில்லை என்று ஒரு கட்சி. நிவாரண அரிசிக்கு நிற்கிற வரிசையில்கூட முன்னவர்கள் இடப்பக்கமும் பின்னவர்கள் வலப்பக்கமும் நின்றார்கள். ஒரு கல்யாணம் இதனால் தள்ளிப்போனது. மரைக்காயர் மட்டும் இரண்டு கட்சிக்கும் மெழுகுதிரி விற்றார்.

அன்றைக்கே, போகிற போக்கில் கோமதிநாயகம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியிருந்தது.

“அம்மா, ரெண்டு பேரும் ராத்திரி எங்க படுக்கீங்க?”

“இங்கதான்,” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், அதற்காக இருவரும் எரிச்சல்பட்டார்கள்.

“படுக்காதீங்க. தீக்கு எப்படியோ மூச்சுக்கும் அப்படித்தான். நாம விடுற மூச்சு சூடு. மத்த வீட்டுல அது மேல போயிரும், நமக்குத் தெரியுறதில்ல. இங்க அது உங்க முகத்தச் சுத்தியே நிக்கும். நடந்து திரிஞ்சா பரவால்ல, காத்து கலையும். இத்தன நாள் புழுக்கத்துல புரண்டு படுத்ததால தப்பிச்சீங்க. அசையாம தூங்கினா நீங்க விட்டதையே நீங்க திரும்ப இழுத்துகிட்டுக் கிடப்பீங்க. கோழிக்குப் பயமில்ல, அது தூங்கும்போதும் தலையை ஆட்டிகிட்டே இருக்கும். உங்களுக்கு யாராவது விசிறணும்.”

வேறு வீட்டில் போய்ப் படுங்கள் என்று தெரு முழுக்கச் சொன்னது. பாய் விரித்துத் தர எத்தனையோ வீடு தயாராக இருந்தது. பிரகாசி மாட்டேன் என்றாள். தான் நகர்ந்தால் நாத்தனார் படத்திலிருந்து மாலையைக் கழற்றிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். தெக்லா மாட்டேன் என்றாள். தான் நகர்ந்தால் மதினி ஜன்னல் திரியை ஊதிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஊர்க் கமிட்டி கூடி, உயிர்ப்பலி ஆகிவிடக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒத்துப்போய், தெருவுக்கு ஒரு முறை என்று வைத்து, பனையோலை விசிறியோடு ஆள் அனுப்பியது. பிரகாசியும் தெக்லாவும் ஆளுக்கொரு சுவரோரம் படுத்திருக்க, நடுவில் முறைக்காரர்கள் உட்கார்ந்து இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று விசிறினார்கள். செத்துப்போனான் கட்சிக்காரர்கள் பிரகாசிக்குக் கூடுதலாக விசிறினார்கள் என்றும், இருக்கிறான் கட்சிக்காரர்கள் தெக்லா பக்கமே சாய்ந்துவிட்டார்கள் என்றும் புகார் எழுந்து, அதற்கும் கமிட்டி கூடியது. விசிறுகிறவர்கள் பாட்டுப் பாடினார்கள், ஜெபமாலை சொன்னார்கள், மாப்பிள்ளை பார்த்தார்கள். அந்த மழைக்காலத்தில் சங்குமுனையில் பனையோலை விசிறி செய்யத் தெரியாத வீடே இல்லை.

அப்புறம் கரண்ட் வந்தது. எல்லா இடத்துக்கும் ஒரே சமயத்தில் வரவில்லை. கடைத்தெருவுக்கு வந்தது, பள்ளிக்கூடத் தெருவுக்கு வந்தது, கடற்கரை ஓரத்துக்கு வந்தது, மாதா கோயில் தெருவுக்குக் கம்பம் பற்றாமல் கடைசியாக நின்றது. தடையும் நீங்கி வள்ளங்கள் இறங்கின. டிவியில் விட்ட இடத்திலிருந்து நாடகங்கள் தொடர்ந்தன. முறைக்காரர்கள் முதலில் தாமதமாக வந்தார்கள், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்கள், பிறகு சொல்லியனுப்பவும் இல்லை. உருண்டைச் சுடரைப் பார்க்க வந்தவர்களும் நின்றார்கள். அதிசயம்தான், ஆனால் நேற்றும் அப்படியேதானே இருந்தது. ஒதுக்கிவைத்த பீடிப் புகையைக் கேட்டுக்கூட யாரும் வரவில்லை.

யாரும் வராத முதல் நாள், பிரகாசி பாயை விரித்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏ கோழி, நான் முதல்ல படுக்கேன். முழிப்பு வந்ததும் நான் வீசுதேன். இஷ்டம் இருந்தா வீசச் சொல்லு. இல்லன்னா விட்டுரு, போய்ச் சேருதேன், அங்க போயாவது அவியட்ட கேக்கேன் சட்டியக் கழுவுனது யாருன்னு.”

தெக்லா விசிறியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இப்படித்தான் அது தொடங்கியது. ஒருத்தி தூங்க ஒருத்தி வீச, ஒருத்தி எழ ஒருத்தி படுக்க, நாள் முழுக்க உள்ள வேலையும் அதற்கேற்றபடி வெட்டி ஒட்டப்பட்டது. பேச்சு இல்லை. ஆனால் தூங்குகிற ஒருத்தியின் முகத்தைக் கண்கொட்டாமல் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, அது பேச்சைவிடச் சிரமமாக இருந்தது. தூங்கும்போது மதினியின் வாய் கோணுகிறது என்று தெக்லா பார்த்தாள். தூங்கும்போது தெக்லாவின் நெற்றி அப்படியே அண்ணன் நெற்றி என்று பிரகாசி பார்த்தாள், பார்த்துவிட்டு வேகமாக வீசினாள்.

கார்த்திகைத் தொடக்கத்தில் பிரகாசிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பின் சூடு உடம்பைவிட்டுப் போகாமல் போர்வைபோல மேலேயே படுத்திருந்தது. தெக்லா மிஷினை மூடிவைத்துவிட்டு வீசினாள். கை மாற்ற ஆள் இல்லை. வலக்கை ஓய்ந்தால் இடக்கை, இடக்கை ஓய்ந்தால் இரண்டு கையும். ஊரில் ஒருவரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருப்பார்கள், ஆனால் அவர்கள் நடுநடுவே டிவி கதை பேசுவார்கள், விசிறி நின்றுவிடும் என்று அவள் நினைத்தாள். காய்ச்சல் இறங்கி, பிரகாசி கஞ்சி குடித்து, எழுந்து நடமாடி, ஒரு மத்தியானம் கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டைப் புரட்டிவிட்டு வருவதற்காக வெளியே போனாள். போகும்போது “ஏ கோழி, நான் வாரவரைக்கும் படுக்க வேண்டாம்னு சொல்லு,” என்றாள். தெக்லா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டியது சம்மதத்துக்கா தூக்கத்துக்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கருவாட்டைப் புரட்டிவிட்டு வீட்டை நெருங்கிய பிரகாசி எப்போதும்போல ஜன்னலைப் பார்த்தாள். அத்தனை வருஷமும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்த அந்தத் திரி அணைந்திருந்தது. யாரும் ஊதவில்லை, அதன் எதிரே நின்ற மூச்சிலேயே அது மூழ்கிப்போயிருந்தது. பிரகாசி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். தெக்லா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள், வாய் திறந்திருந்தது, உதடு மெழுகுதிரித் தீயின் நிறத்தில் இருந்தது. கோழி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து கொக்கரித்தது. பனையோலை விசிறி தெக்லாவின் உடம்புக்கு அடியில் எங்கோ அகப்பட்டிருந்தது. பிரகாசி இரண்டு கையாலும் காற்றை அள்ளினாள், போதவில்லை. முந்தானையால் அடித்தாள், போதவில்லை. கண்ணுக்கு எட்டிய இடத்தில், கைக்கு எட்டிய உயரத்தில், அகலமாக இருந்த ஒரே பொருள் அருளப்பனின் படம். மாலையோடு சேர்த்துப் பிடுங்கினாள். ஆணி பெயர்ந்து வந்தது, மாலை அறுந்து பறந்தது. சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, முட்டிபோட்டு, மேலும் கீழுமாக வீசினாள், வீச வீச நெத்திலி வாசனையும் சாம்பிராணி மிச்சமும் யாரோ ஒதுக்கிவைத்த பீடிப் புகையும் மூலைமுடுக்கெல்லாம் கலைந்து ஓடின.

“ஏட்டி தெக்லா! எந்திரிட்டி! ஏட்டி, உன்னத்தான சொல்லுதேன்!”

கோழி பழக்கத்தில் தெக்லாவைத் திரும்பிப் பார்த்தது. இந்த முறை அதற்கு வேலை இருக்கவில்லை.

தெக்லா ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். இன்னொன்று. கண் பாதி திறந்தது. அவள் முகத்துக்கு மேலே அருளப்பனின் முகம் கிட்டே வந்து எட்டப் போய், கிட்டே வந்து எட்டப் போய்க்கொண்டிருந்தது, வரும்போதெல்லாம் குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்தது.

“அண்ணன் வந்துட்டானா மைனி?” என்றாள்.

பிரகாசியின் கை நின்றது. படத்தை மெல்லத் திருப்பி மடியில் கவிழ்த்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. எத்தனையோ வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“வந்தாவட்டி,” என்றாள். “உன்ன எழுப்பி விட்டுட்டுப் போயிட்டாவ.”

தெக்லா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

“இருக்கச் சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னேன். நான் சொல்லி அவிய என்னைக்குக் கேட்டாவ?”

அதற்குத் தெக்லா சிரித்தாள் என்கிறார்கள், அழுதாள் என்றும் சொல்கிறார்கள். கூடை விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்து ஜன்னலில் நின்ற பெண்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் செத்துப்போனான் கட்சியும் இருக்கிறான் கட்சியும் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டன. வந்தான், போய்விட்டான் என்ற பிறகு சண்டை போட என்ன இருக்கிறது? தள்ளிப்போன கல்யாணம் தை மாதத்தில் நடந்தது.

மாதா கோயில் தெருவுக்கும் ஒருநாள் கம்பம் வந்தது. லைன்மேன் பிரகாசி வீட்டுக்குள் வந்து, உத்தரத்தில் தொங்கிய மின்விசிறியைச் சரிபார்த்து, சுவிட்சைப் போட்டார். அது கரகரவென்று சுற்றத் தொடங்கியது. இனி யாரும் யாருக்கும் வீச வேண்டாம், நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டின் கோளாறு என்னவோ சரியாகவில்லை. இன்றைக்கும் அங்கே சூடு மேலே போவதில்லை. மின்விசிறி இருக்கிற வீட்டில் அது ஒரு குறையாக யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான். அந்த முதல் மத்தியானம் இருவரும் ஒரே நேரத்தில் பாய் விரித்து, ஒரே நேரத்தில் படுத்து, கட்டையாகத் தூங்கி எழுந்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி பிரகாசி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அருளப்பன் பெண் பார்க்க வந்த அன்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன கதை. தெக்லாவுக்குத் தெரிந்த கதைதான். தெக்லா எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றன.

“ஏன்ட்டி அமத்துன? மூச்சு முட்டவா?”

“ஒரே சத்தம் மைனி,” என்றாள் தெக்லா, பாயில் வந்து உட்கார்ந்து பனையோலை விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டே. “நீங்க பேசுறது கேக்கல.”